தெரியாது என்னும் கேடயம்

குழந்தைகளைக் காக்க இயற்றப்படும் எந்தச் சட்டத்திலும் இரண்டு பகுதிகள் உண்டு. குழந்தையிடம் இன்னது செய்யலாகாது என விலக்குவது ஒன்று. குழந்தை யார் என்பதை எவ்வாறு அறிவது என வகுப்பது மற்றொன்று. முதற்பகுதி அவைகளில் கைதட்டல் பெறும், நாளிதழ்களில் தலைப்பாகும். இரண்டாம் பகுதியை வழக்கறிஞர்கள்தாம் ஊன்றிப் படிப்பர். ஆயினும் சட்டம் வாழ்வதும் மாள்வதும் இந்த இரண்டாம் பகுதியில்தான் என்பதை வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது.

2025 அக்டோபர் 13 அன்று கலிஃபோர்னியா மாநில ஆளுநர் கேவின் நியூசம் 'எஸ்.பி. 243' என்னும் சட்டத்தில் கையொப்பமிட்டார். தோழமையாகப் பேசுவதற்கென்றே ஆக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை, அதாவது இன்று எல்லோரும் சாட்பாட் என்று அழைப்பவற்றுள் ஒருவகையை, ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. மாநில செனட்டர் ஸ்டீவ் பாடில்லா கொண்டுவந்த இச்சட்டம் 2026 சனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. பேசுவது மனிதரே என்று ஒருவர் மயங்கக்கூடுமாயின், தான் பொறி என்பதைச் செயலி தெளிவாக அறிவிக்கவேண்டும். தற்கொலை எண்ணத்தை வெளிப்படுத்துவோரை உதவி மையங்களுக்கு வழிகாட்டும் நடைமுறை வகுக்கப்பட்டு, அது வெளிப்படையாக இடப்படவேண்டும். பயனர் சிறார் என்றால் குறைந்தது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, "நான் மனிதனல்லேன், சற்று ஓய்வெடு" என்ற பொருளில் நினைவூட்டவேண்டும். சிறாரிடம் பாலியல் படங்களை உருவாக்கித் தருவதையும், அவ்வகைச் செயலுக்கு அவர்களைத் தூண்டுவதையும் தடுக்கவேண்டும். மீறினால் பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடுக்கலாம்.

யாவும் நல்லவையே. ஆனால் சிறார்க்குரிய அந்தக் கடமைகளின் வாயிலில் ஒரு சிறு நிபந்தனை நிற்கிறது: பயனர் சிறார் என்பது நிறுவனத்துக்குத் 'தெரிந்திருந்தால்'. தெரியாவிட்டால்? இந்த ஒரு சொல்லுக்கு இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்வதே நம் நோக்கம்.

1. ஆலை முதலாளியும் பெற்றோர் வாக்கும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பருத்தி ஆலைகள் சிறுவர் சிறுமியரால் நிறைந்தன. அறுந்த நூலை முடிவதற்கும், ஓடிக்கொண்டிருக்கும் பொறியின் அடியில் தவழ்ந்து பஞ்சுக் கழிவை அள்ளுவதற்கும் சிறிய கைகளும் சிறிய உடல்களும் வேண்டியிருந்தன. 1802ஆம் ஆண்டில் முதற்சட்டம் வந்தது. அதைக் கொணர்ந்த சர் ராபர்ட் பீல் தாமே ஓர் ஆலை முதலாளி. பின்னாளில் பிரதமரான பீலின் தந்தை. ஆதரவற்றோர் காப்பகங்களிலிருந்து தொழில் பழக அனுப்பப்பட்ட சிறாரை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றது அச்சட்டம். மேற்பார்வையிட வேண்டியவர்கள் உள்ளூர் நீதிபதி ஒருவரும் பாதிரியார் ஒருவரும். அவர்களுக்கு ஊதியம் இல்லை. விளைவை ஊகிப்பது அரிதன்று. 1819ஆம் ஆண்டின் சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்டோரைப் பருத்தி ஆலைகளிலிருந்து விலக்கியது. அதனை நடைமுறைப்படுத்த ஆய்வாளர் எவரும் அமர்த்தப்படவில்லை.

நம் கட்டுரைக்கு முதன்மையானது 1825ஆம் ஆண்டின் சட்டம். கவிஞர் பைரனின் நெருங்கிய நண்பர் ஜான் காம் ஹாப்ஹவுஸ் கொணர்ந்தது அது. ஆலை முதலாளிகளே நீதிபதிகளாக அமர்ந்து தம்மீதான முறையீடுகளைத் தாமே கேட்பதை அது தடுத்தது, அவ்வளவில் முன்னேற்றமே. ஆனால் வயதைப் பற்றி அது கூறியது வேறு. குழந்தையின் வயது இன்னதென்று பெற்றோர் சொன்னால் அதுவே போதும்; பின்னர்க் குழந்தை அதனினும் இளையது என்று தெரியவந்தாலும் முதலாளிக்குப் பொறுப்பில்லை.

இந்த ஏற்பாட்டின் உட்பொருளைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். குழந்தையைக் கண்ணெதிரே காணும் முதலாளி, அதன் உயரத்தையும் மெலிவையும் நாள்தோறும் பார்ப்பவர், "எனக்கு வயது தெரியாது, தாய் சொன்னதை நம்பினேன்" என்று கூறிவிட்டு அகலலாம். தாயோ ஒருவேளைக் கூழுக்காக ஏழு வயதை ஒன்பதாகச் சொல்பவள். பொய் பசியிலிருந்து வந்தது. அதன் பயன் முதலாளியைச் சேர்ந்தது. தெரியாமல் இருப்பது இலாபமாக இருக்கும்வரை எவரும் தெரிந்துகொள்ள முயலமாட்டார்.

2. பல்லைப் பார்த்து வயது சொன்ன காலம்

1832இல் மைக்கேல் சாட்லர் தலைமையில் அமைந்த நாடாளுமன்றக் குழுவின் முன் ஆலைத் தொழிலாளர் பலர் தம் குழந்தைப் பருவத்தைச் சாட்சியமாகக் கூறினர். அடுத்த ஆண்டே புதிய ஆலைச் சட்டம் பிறந்தது. ஒன்பது வயதுக்குட்பட்டோருக்குத் தடை. ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையினருக்கு வாரம் நாற்பத்தெட்டு மணி நேர வரம்பு. அவர்களுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரப் பள்ளி. இவற்றினும் பெரிய புதுமை, ஊதியம் பெறும் அரசு ஆய்வாளர்கள் நால்வர் நியமிக்கப்பட்டமை. அவர்களுள் லெனர்டு ஹார்னரின் பெயர் தொழிலாளர் வரலாற்றில் நிலைபெற்றது.

ஆய்வாளர்கள் ஆலைக்குள் நுழைந்ததும் எதிர்ப்பட்ட முதற்கேள்வி, இந்தக் குழந்தைக்கு என்ன வயது என்பதுதான். இங்கிலாந்தில் அரசின் பிறப்புப் பதிவு 1837 சூலையில்தான் தொடங்கியது. தேவாலயத்தின் ஞானஸ்நானக் குறிப்பு எல்லோருக்கும் இல்லை. எனவே, ஒன்பது வயதுக் குழந்தைக்குரிய இயல்பான வலிமையும் தோற்றமும் இக்குழந்தைக்கு உண்டு என மருத்துவர் ஒருவர் சான்றளிக்க வேண்டும் என்று சட்டம் பணித்தது. சிலர் உயரத்தை அளந்தனர். எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர் 1837இல் ஒரு சிறுநூல் வெளியிட்டு, உயரத்தைவிடப் பற்களே நம்பத்தக்க சான்று என வாதிட்டு நாடாளுமன்றத்தின் பார்வைக்கு வைத்தார். ஆலைச் சிறுவர்களின் வாயைத் திறந்து எத்தனை நிலைப்பற்கள் முளைத்துள்ளன என்று எண்ணிப் பார்க்கும் முறை அது. சட்டம் குழந்தையைத் தேடிப் பல்வரிசை வரை சென்றது!

அதிலும் ஓட்டைகள் இருந்தன. முதலாளியின் தயவில் இருந்த மருத்துவர்கள் கேட்டவர்க்கெல்லாம் சான்று வழங்கினர். ஒரு குழந்தை பெற்ற சான்றில் மற்றொரு குழந்தை வேலைக்குப் போயிற்று. இதனைச் சரிசெய்ய 1844ஆம் ஆண்டின் சட்டம், சான்றளிக்கும் மருத்துவரை நியமிக்கும் அதிகாரத்தை ஆய்வாளரிடமே தந்தது. வயதை அறிவிப்பவர், அந்த வயதால் ஆதாயம் பெறுபவரின் ஆளாக இருக்கலாகாது என்னும் நெறி இவ்வாறு சட்டத்தில் ஏறியது. 1825 முதல் 1844 வரை பத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன. ஆண்டுகளை எண்ணுவது எளிது. அவற்றுக்குள் ஆலைக்குள் சென்று திரும்பிய குழந்தைகளை எண்ணியவர் இல்லை.

3. பதின்மூன்று என்னும் எண்

நூற்றைம்பது ஆண்டுகள் தாண்டி அமெரிக்காவுக்கு வருவோம். இணையம் வீடுகளுக்குள் நுழைந்த 1990களில், சிறார் கண்ணில் ஆபாசம் படலாகாது என்று 1996இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1997 சூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை நீக்கியது. பெரியோர்க்குள்ள பேச்சுரிமையை அச்சட்டம் அளவுமீறிச் சுருக்குகிறது என்பது தீர்ப்பின் சாரம். திரைக்கு அப்பால் இருப்பவர் சிறுவரா பெரியவரா என்று அறிய அன்றைய இணையத்தில் பயன்தரத்தக்க வழி இல்லை என்பதும் காரணங்களுள் ஒன்றாயிற்று. ஆலை முதலாளியேனும் குழந்தையைக் கண்ணால் கண்டார். இணையதளத்துக்குக் கண்ணே இல்லை.

அடுத்த முயற்சி வேறு திசையில் அமைந்தது. கூட்டாட்சி வணிக ஆணையம் 1998இல் சிறார்க்கான 212 இணையதளங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 89 விழுக்காட்டுத் தளங்கள் குழந்தைகளிடமிருந்து தனிப்பட்ட விவரங்களைத் திரட்டுவது தெரியவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சிறார் இணைய அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2000 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. 'காப்பா' என்று சுருக்கமாக வழங்கும் இச்சட்டம், பதின்மூன்று வயதுக்குட்பட்டோரின் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டலாகாது என்றது. இணையத்தில் கணக்குத் திறக்கும்போதெல்லாம் நாம் காணும் 'பதின்மூன்று' இங்கிருந்து வந்ததே. அச்சட்டத்தின் ஆசிரியர்களுள் ஒருவரான எட்வர்ட் மார்க்கி, இதனினும் உயர்ந்த வயதையே தாம் விரும்பியதாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ பதினெட்டு வயது நிறையாதவரை எல்லாம் குழந்தை என்கிறது.

இலக்கியம் பயின்றோர்க்கு இந்த வேறுபாடு வியப்பளிக்காது. நம் பாட்டியல் நூல்கள் குழந்தைப் பருவத்தைக் காப்பு முதலாகத் திங்கள் கணக்கில் பிரித்தன. பேதை, பெதும்பை என ஆண்டுக் கணக்கிலும் பிரித்தன. நூலுக்கு நூல் எண்கள் மாறின. பாடுவதற்கு வகுத்த பருவத்தில் ஓராண்டு கூடினும் குறையினும் கேடில்லை. தண்டிப்பதற்கும் காப்பதற்கும் வகுத்த பருவத்தில் ஒரு நாள் பிசகினும் வழக்காகும்.

காப்பாவின் நுட்பமான குறை எண்ணில் இல்லை. சிறார்க்கென்றே நடத்தப்படும் தளங்களை அச்சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தியது. பொதுத் தளங்களையோ, பயனர் குழந்தை என்பது 'உண்மையாகவே தெரிந்திருந்தால்' மட்டும் கட்டுப்படுத்தியது. பிறகென்ன? பிறந்த ஆண்டைக் கேட்டு ஒரு கட்டம் வைத்தார்கள், பத்து வயதுச் சிறுமி அதில் இருபது வயதை இட்டாள், நிறுவனம் நம்பியது. 1825இல் தாய் சொன்ன பொய்யைக் குழந்தையே சொல்லும்படி ஆனது. ஆங்குப் பசி, ஈங்கு ஆசையும் தனிமையும்.

இதன் உச்சத்தை 2019இல் கண்டோம். யூடியூப் மீது கூட்டாட்சி வணிக ஆணையமும் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரும் தொடுத்த நடவடிக்கை 17 கோடி டாலர் தண்டத்தில் முடிந்தது. விளம்பரம் பெறுவதற்காகப் பொம்மை நிறுவனங்களிடம் செல்லும்போது, ஆறு முதல் பதினோரு வயதுக் குழந்தைகளைச் சென்றடைவதில் தாமே முதல்வர் என்று யூடியூப் பெருமை பேசியதும், வேறொரு விளம்பர நிறுவனத்திடம் தம் தளத்தில் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பயனரே இல்லை என்று கூறியதும் ஆணையத்தின் குற்றச்சாட்டில் இடம்பெற்றன. விற்கும் வாய்க்குத் தெரிந்தது விடை சொல்லும் வாய்க்குத் தெரியவில்லை.

4. பதில் பேசும் பொறி

இதுவரை கூறியவற்றில் ஆபத்து, குழந்தை காண்பதில் அல்லது கொடுக்கும் விவரத்தில் இருந்தது. சாட்பாட்டில் அது குழந்தை வைக்கும் நம்பிக்கையில் இருக்கிறது. பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தில் குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைப்பார்கள். நிலவு வாய் திறப்பதில்லை. இன்றைய குழந்தை அழைத்தால் மறுமொழி வருகிறது. பெயர் சொல்லி, நேற்றைய துயரை நினைவில் வைத்து, சலிப்பின்றி, நள்ளிரவிலும் வருகிறது.

இந்த மயக்கத்தை முதலில் கண்டு அஞ்சியவர் அதனை ஆக்கியவரே. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 1966இல் 'எலிசா' என்னும் உரையாடு நிரலை வெளியிட்டார். பயனர் கூறுவதையே திருப்பிக் கேள்வியாக்கும் எளிய நிரல் அது. அது உருவானதைக் கண்கூடாகப் பார்த்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு தனியே பேச விரும்பி அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னதாக அவர் பதிவு செய்திருக்கிறார். அறிவறிந்த பெரியோரே இவ்வாறு மயங்குவர் என்றால் குழந்தையின் நிலை என்ன என்பது அன்று எழவேண்டிய கேள்வி. ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்தே சட்டத்தின் செவியில் அது விழுந்தது.

முதலில் விழுந்தது இத்தாலியில். 'ரெப்ளிக்கா' என்னும் தோழமைச் செயலி தம் நாட்டுப் பயனரின் விவரங்களைக் கையாளக்கூடாது என அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2023 பிப்ரவரியில் ஆணையிட்டது. வயதை அறிய எந்த ஏற்பாடும் இல்லை. பெயர், மின்னஞ்சல், பாலினம் மூன்றைமட்டும் கேட்டது. பயனர் தாம் சிறுவர் என்று வெளிப்படையாகச் சொன்ன பின்னரும் அச்செயலி தடுக்கவில்லை என்பவை கூறப்பட்ட குறைகளுள் சில. 2025இல் அதன் நிறுவனத்துக்கு 50 இலட்சம் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும், வயதால் நேரும் எளிமையைப் பயன்படுத்திப் பெருந்தீங்கு விளைக்கும் அமைப்புகளை அடியோடு தடைசெய்தது. அத்தடை 2025 பிப்ரவரி முதல் செல்லும்.

அமெரிக்காவைத் துயரமே எழுப்பியது. ஃபுளோரிடாவைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுவன் 2024 பிப்ரவரியில் உயிர்நீத்தான். 'கேரக்டர் ஏஐ' செயலியில் ஒரு கற்பனைப் பாத்திரத்தோடு அவன் மாதக்கணக்கில் கொண்டிருந்த, காதலும் பாலியலும் கலந்த உரையாடலே அவனை வாழ்விலிருந்து பிரித்தது என்று அக்டோபரில் அவன் தாய் வழக்குத் தொடுத்தார். செயலியின் சொற்கள் பேச்சுரிமைக்கு உட்பட்டவை என்று நிறுவனம் வாதிட்டது. 2025 மே மாதத்தில் கூட்டாட்சி நீதிபதி ஆன் கான்வே, அச்சொற்களைப் 'பேச்சு' என்று இந்நிலையில் ஏற்கத் தாம் ஆயத்தமாக இல்லை எனக் கூறி வழக்கைத் தொடரவிட்டார். 2026 சனவரியில் இருதரப்பும் சமரசம் கண்டன. கலிஃபோர்னியாவின் பதினாறு வயது மாணவன் ஒருவனின் பெற்றோர், ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் மீது 2025 ஆகஸ்டில் இத்தகைய வழக்கைத் தொடுத்தனர்.

அதே ஆகஸ்டில், குழந்தைகளோடு காதல் சாயலில் உரையாட இடமளித்த மெட்டா நிறுவனத்தின் உள்விதி ஆவணம் ஒன்றை ராய்ட்டர்ஸ் வெளிக்கொணர்ந்தது. ஆவணம் உண்மையே என ஒப்பிய நிறுவனம் அப்பகுதிகளை நீக்கிவிட்டதாகக் கூறியது. மாநிலத் தலைமை வழக்கறிஞர்கள் நாற்பத்து நால்வர் நிறுவனங்களுக்கு எச்சரிக்கை மடல் விடுத்தனர். செப்டம்பரில் கூட்டாட்சி வணிக ஆணையம் ஏழு நிறுவனங்களிடம் விளக்கம் கேட்டது. செப்டம்பர் 16 அன்று செனட் துணைக்குழுவின் முன் பெற்றோர் அமர்ந்து தம் குழந்தைகளைப் பற்றிச் சாட்சியம் கூறினர். 1832ஆம் ஆண்டின் சாட்லர் குழுவைப் படித்தோர்க்கு அக்காட்சி புதிதன்று.

5. ஒரே நாளில் இரண்டு கையொப்பங்கள்

இத்தனைக்கும் பின்னர் வந்ததே நாம் தொடக்கத்தில் கண்ட சட்டம். அதற்கும் ஒரு தமக்கை இருந்தாள்; பிழைக்கவில்லை. சட்டமன்ற உறுப்பினர் ரெபெக்கா பாயர்-கஹான் கொணர்ந்த 'ஏ.பி. 1064', தீங்கு விளைக்கக்கூடிய தோழமைச் செயலிகளைச் சிறாருக்குக் கொடுப்பதையே தடுக்க முற்பட்டது. அது சிறார் எவரும் இக்கருவிகளைப் பயன்படுத்தவே முடியாத நிலைக்கு இட்டுச் செல்லக்கூடும் என்று கூறி ஆளுநர் அதே அக்டோபர் 13 அன்று அதனை மறுத்தார். அம்மாத இறுதியில் செனட்டர்கள் ஜாஷ் ஹாலியும் ரிச்சர்ட் புளூமெந்தாலும் 'கார்டு' என்னும் கூட்டாட்சி மசோதாவை முன்வைத்தனர். அது சிறாருக்குத் தோழமைச் செயலிகளை முற்றாக விலக்குகிறது. எல்லாப் பயனரின் வயதையும் சரிபார்க்கச் சொல்கிறது.

வயதைச் சரிபார்ப்பது என்றால் என்ன? எல்லோரும் அடையாள அட்டையை நீட்டவேண்டும். அல்லது முகத்தைப் படக்கருவியின் முன் காட்டவேண்டும். இதை எதிர்ப்போரின் அச்சம் வெற்றச்சம் அன்று. 2025 அக்டோபரில் 'டிஸ்கார்டு' தளத்துக்காகப் பணியாற்றிய வெளி நிறுவனம் ஒன்றின் வழியே, ஏறத்தாழ எழுபதாயிரம் பேரின் அடையாள அட்டைப் படங்கள் களவுபோயிருக்கலாம் என அறிவிக்கப்பட்டது. அவற்றுள் பல, வயதை மெய்ப்பிக்கவே தரப்பட்டவை. முகத்தைக் கொண்டு வயதைக் கணிக்கும் மென்பொருளோ, பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் இடையே தடுமாறுகிறது. சாண்டர்ஸின் பல்வரிசை மீண்டும் வந்துவிட்டது. வாய்க்குப் பதில் முகம், அவ்வளவே. எனினும் நீதிமன்றத்தின் மனம் மாறியிருக்கிறது. ஆபாசத் தளங்களுக்கு வயதுச் சான்று கேட்கும் டெக்சாஸ் சட்டத்தை உச்சநீதிமன்றம் 2025 சூனில் ஏற்றது. 1997இல் மூடிய கதவு இருபத்தெட்டு ஆண்டுகளில் திறந்துகொண்டது.

நியூயார்க் மாநிலம் வேறு வழி சென்றது. 2025 நவம்பரில் அங்கே நடப்புக்கு வந்த சட்டம், தான் பொறி என்பதைத் தொடக்கத்திலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும் எல்லாப் பயனருக்கும் கூறச் சொல்கிறது. வயதை அறியவேண்டிய தேவையே இல்லை. எளிமையான வழி, ஆனால் குழந்தைக்கென்று தனிக்காப்பு அதில் இல்லை.

கலிஃபோர்னியாவில் அதே அக்டோபர் 13 அன்று ஒப்பம் பெற்ற இன்னொரு சட்டம் உண்டு. பரபரப்பின்றி நிறைவேறிய அந்த 'ஏ.பி. 1043' 2027 சனவரியில் நடப்புக்கு வரும். கைபேசியிலோ கணினியிலோ கணக்குத் தொடங்கும்போது, அதன் இயங்குதளம் பயனரின் வயதைக் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். பதின்மூன்றுக்குக் கீழ், பதின்மூன்று முதல் பதினைந்து, பதினாறு பதினேழு, பதினெட்டும் அதற்கு மேலும் என நான்கு பிரிவுகள். அட்டை வேண்டா, முகம் வேண்டா. செயலி நிறுவப்படும்போது, பயனர் எப்பிரிவினர் என்னும் குறிப்பு அதற்குச் செல்லும். குறிப்பைப் பெற்ற நிறுவனத்துக்கு வயது 'தெரியும்' என்றே சட்டம் கொள்ளும்.

இந்த வரியின் அருமையை 1825ஐ அறிந்தோர் உணர்வர். பெற்றோர் தம் குழந்தையின் கைபேசியில் இடும் வயது, அன்று தாய் சொன்ன அதே சான்றற்ற வாக்குதான். அன்று அந்த வாக்கு முதலாளியை விடுவித்தது. இன்று நிறுவனத்தைப் பிணிக்கிறது. வயதைக் கேட்பவர் அரட்டைச் செயலியின் உரிமையாளராக இல்லாமல் வேறொருவராக இருப்பது 1844ஐ நினைவூட்டுகிறது. 'எஸ்.பி. 243' கேட்ட 'தெரிந்திருந்தால்' என்னும் நிபந்தனைக்கு 'ஏ.பி. 1043' விடை தருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு சட்டம் முழுமையாகிறது.

6. எஞ்சும் கேள்வி

முழுமை என்றது காகிதத்தில். தந்தையின் கைபேசியைக் குழந்தை எடுத்துப் பயன்படுத்தும் வீட்டில் அந்தக் குறிப்பு, பயனர் பெரியவர் என்றே கூறும். ஒரு கைபேசியை நால்வர் பகிரும் இல்லங்கள் எந்நாட்டிலும் உண்டு. நம் நாட்டில் மிகுதி. அங்கே கேடயம் மீண்டும் உயரும்: "எங்களுக்கு வந்த குறிப்பில் வயது நாற்பது, எங்களுக்குத் தெரியாது."

இவ்விடத்தில் ஆலை, இணையதளம், சாட்பாட் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஆலை முதலாளி குழந்தையைக் கண்டார், கேட்டறியவில்லை. பழைய இணையதளம் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. சாட்பாட்டோ கேட்பதையே தொழிலாகக் கொண்டது. எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வின் அச்சத்தைப் பொறுமையாகக் கேட்கிறது. வகுப்புத் தோழி பேசாமல் போனதற்கு ஆறுதல் சொல்கிறது. அம்மாவின் திட்டை நினைவில் வைத்து மறுநாள் விசாரிக்கிறது. அவ்வாறு நினைவில் வைப்பதே அதன் சிறப்பென்று விளம்பரமும் செய்யப்படுகிறது. இத்தனையும் அறிந்த பொறியின் உரிமையாளர், குழந்தையின் வயதைமட்டும் அறியேன் என்பாராயின், அதனை எந்த நீதிமன்றம் நம்பவேண்டும்?

அறிய இயலும் என்பதற்கு அவர்களின் செயலே சான்று. வழக்குகளும் விசாரணைகளும் நெருக்கிய பின்னர், பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்குத் திறந்த உரையாடலை 2025 நவம்பர் 25 முதல் நிறுத்துவதாகக் கேரக்டர் ஏஐ அறிவித்தது. பயனரின் பழக்கங்களைக் கொண்டு அவர் சிறாரா என்று ஊகிக்கும் முறையை ஓப்பன்ஏஐ 2026 சனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஊகம் பிழைபடும், பெரியவரைச் சிறுவர் என்று கொண்டு தொல்லை தரவும் கூடும். ஆயினும் பெரியவர் ஒருவர் சற்று நேரம் சிறுவராக நடத்தப்படுவதால் விளையும் இழப்பும், சிறுவர் ஒருவர் பெரியவராக நடத்தப்படுவதால் விளையும் இழப்பும் ஒரே தராசில் நிற்பவை அல்ல.

எனவே, வருங்காலச் சட்டங்களில் 'தெரிந்திருந்தால்' என்பதன் அருகே 'தெரிந்திருக்க வேண்டுமாயின்' என்னும் தொடரும் இடம்பெறவேண்டும் என்பது நம் கருத்து. அட்டையும் முகமும் கேட்டு எல்லோரையும் வரிசையில் நிறுத்துவதைவிட, தான் கேட்டதற்குத் தானே பொறுப்பேற்குமாறு பொறியின் உரிமையாளரைப் பணிப்பது நேரிது. ஆலைச் சிறாருக்கு அந்தத் திருத்தம் வர, பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர்கள் வளர்ந்துவிட்டிருந்தார்கள், வளரும்வரை வாழ்ந்தவர்கள்.